உளநலம் – வாசகர் கேள்வி பதில்: அவரிடமே கேட்டீர்களா?

முதியோரின் உளநலம் குறித்துக் கொழும்பிலிருந்து வந்த கடிதங்களில் நான்கை இம்முறை எடுத்துக்கொண்டிருக்கிறேன். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறோம். மூன்று கடிதங்களை ஒரு மருமகளும் ஒரு மகனும் ஓர் அயலவரும் எழுதியுள்ளனர். ஒன்றை மட்டுமே, நோயோடு வாழும் முதியவர் தம் கைப்பட எழுதியுள்ளார். கிளினிக்கிலும் இப்படித்தான் நடக்கிறது. கதிரையில் தாயோ தந்தையோ அமர்ந்திருக்க, வைத்தியரின் கேள்விகளுக்குப் பின்னால் நிற்கும் பிள்ளை பதில் சொல்லிக்கொண்டிருப்பார். ஆகையால், பதிலளிப்பதற்கு முன்னர் நானும் உங்களை ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது: இதை அவரிடமே கேட்டீர்களா?

கேள்வி: என் மாமிக்கு 69 வயது. மாமா காலமாகி எட்டு மாதங்களாகின்றன. விடியுமுன் எழுந்து குளித்து, சுவாமிக்குப் பூ வைத்து, எல்லோருக்கும் தேநீர் ஊற்றித் தருபவர், இப்போது சுவரைப் பார்த்துப் படுத்தே கிடக்கிறார். இரண்டு வாய்க்கு மேல் சோறு இறங்குவதில்லை. நெஞ்சு எரிகிறது, கால் எரிகிறது என்கிறார்; இருதயத்தையும் வயிற்றையும் சோதித்த வைத்தியர்கள் ஒன்றுமில்லை என்றுவிட்டார்கள். விடிகாலை மூன்று மணிக்கு விழித்துக்கொள்கிறார். பெயர்கள் மறந்துபோகின்றன. “நான் இருந்து உங்களுக்கு என்ன பயன்?” என்று கேட்கிறார். வயது போனால் அப்படித்தான் என்கிறார் என் கணவர். இது மறதி நோயா? உளமருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போனால், அங்கொடை மனநல வைத்தியசாலைக்குக் கொண்டுபோனார்கள் என்று சொந்தக்காரர் பேசமாட்டார்களா?
– கொட்டாஞ்சேனை வாசகி

பதில்: முழங்கால் தேய்வதும் கண் மங்குவதும் வயதோடு வரலாம். உணவு வெறுத்துப்போவதும், விடிகாலையில் விழித்துப் பின்னர் உறக்கம் வராமல் கிடப்பதும், தான் வீட்டுக்குப் பாரம் என்று எண்ணுவதும் முதுமையின் இயல்புகள் அல்ல. நீங்கள் விவரிப்பது மனச்சோர்வு நோயாக இருப்பதற்கே வாய்ப்பு அதிகம். முதியவர்களில் பலர் கவலை என்ற சொல்லையே எடுக்கமாட்டார்கள். எரிவு, நெஞ்சிறுக்கம், வாய்க்கசப்பு, மலச்சிக்கல் என்று உடம்பைப் பற்றியே முறையிடுவார்கள். அதனால் ஒரு வைத்தியரிடமிருந்து இன்னொரு வைத்தியரிடம் போய், ஒவ்வொருவரும் ஒன்றுமில்லை என்று சொல்ல, எரிவு பொய் என்ற முடிவுக்கு வீட்டார் வந்துவிடுகிறார்கள். எரிவு பொய்யல்ல, அதற்குரிய காரணத்தைத் தேடிய இடம்தான் வேறு.

கணவரை இழந்த துக்கம் அலை அலையாக வரும். இடையே பேரப்பிள்ளை ஒரு குறும்பு செய்தால் முகம் சிறிது மலரும். மனச்சோர்வு நோயில் அந்த இடைவெளி கிடைப்பதில்லை. மறதியைப் பொறுத்தவரை, அது எவ்வளவு காலமாக இருக்கிறது என்று பாருங்கள். மறதி நோய் ஆண்டுக்கணக்கில் மெல்ல வளரும். நோயாளி அதை மறைக்கப் பார்ப்பார், வீட்டார்தான் முதலில் கவனிப்பார்கள். மனச்சோர்வில் சில வாரங்களிலோ மாதங்களிலோ மறதி வந்து சேரும். கேட்டால் “எனக்கு ஒன்றும் தெரியவில்லை, மூளை வேலை செய்யவில்லை” என்று நோயாளியே முறையிடுவார். இந்த வேறுபாடு எல்லோரிடமும் இவ்வளவு தெளிவாகத் தெரியாது என்பதையும், முதுமையில் முதற்தடவையாக வரும் மனச்சோர்வு சிலரிடம் மறதி நோய்க்கு முன்னோடியாக இருப்பதுண்டு என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். மனநிலை தேறிய பின்னர் நினைவாற்றலை மீண்டும் சோதிப்பது அதற்காகத்தான். தைரொயிட் சுரப்பு, குருதிச்சோகை, விற்றமின் பி12, சீனி, உப்புச்சத்து ஆகியவற்றையும் வைத்தியர் பார்க்கக்கூடும். மாமி எடுக்கும் குளிசைகள் அனைத்தையும், பாமசியில் நீங்களாக வாங்கிக் கொடுத்தவை உட்பட, ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள்.

“நான் இருந்து என்ன பயன்” என்ற வார்த்தையைக் கடந்துபோகாதீர்கள். “அப்படியெல்லாம் பேசக்கூடாது மாமி” என்று வாயை அடைப்பதுதான் நம் வழக்கம். அதற்குப் பதிலாக, வேறு எவரும் இல்லாத வேளையில் பக்கத்தில் அமர்ந்து, “செத்துப்போனால் நல்லது என்று நினைக்கிறீர்களா மாமி? அதற்கு ஏதும் செய்ய யோசித்தீர்களா?” என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் இல்லாத எண்ணம் முளைத்துவிடாது. இருப்பவருக்குச் சொல்ல ஓர் ஆள் கிடைக்கும். ஆம் என்றாலோ, பதில் சொல்லாமல் முகத்தைத் திருப்பினாலோ, அவரைத் தனியே விடாமல், வீட்டிலுள்ள மருந்துகளைப் பூட்டி வைத்துவிட்டு, அன்றே வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்லுங்கள். பொலிஸ் வழக்காகிவிடும் என்ற பயம் வேண்டாம். தற்கொலை முயற்சியைக் குற்றமாகக் கொண்ட சட்டம் இலங்கையில் 1998இலேயே நீக்கப்பட்டுவிட்டது. என்ன செய்வதென்று தெரியாத நேரத்தில் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம். 1974 முதல் இயங்கிவரும் சுமித்ரயோவின் தொண்டர்கள், மனம்விட்டுப் பேச விரும்புவோர் சொல்வதைச் செவிமடுத்துக் கேட்பார்கள். மாமிக்கு மட்டுமன்றி உங்களுக்கும் அது பயன்படலாம்.

சொந்தக்காரர் என்ன பேசுவார்கள் என்ற பகுதிக்கு நீண்ட பதில் தேவையில்லை. கொழும்பு தேசிய வைத்தியசாலையிலும் களுபோவிலையிலும் ராகமையிலும் உளமருத்துவக் கிளினிக்குகள் பொது வைத்தியசாலைக்குள்ளேயே, கட்டணமின்றி நடக்கின்றன. சீனி வியாதிக்குக் கிளினிக் போகிறவரும் அதே வாசலால்தான் நுழைகிறார். ஆனால் “பிரஷர் பார்க்கப் போகிறோம்” என்று பொய் சொல்லிக் கூட்டிச்செல்லாதீர்கள். உள்ளே போனதும் விளங்கிவிடும், அடுத்த மாதம் அவர் வரமாட்டார். “எட்டு மாதமாக நீங்கள் உறங்கவில்லை, சாப்பிடவில்லை, அதற்குப் பார்க்கிற வைத்தியரிடம் போவோம்” என்றால் போதும், அது உண்மையும்கூட. வைத்தியருக்குத் தமிழ் தெரியாவிட்டால், தமிழ் பேசும் தாதியோ உத்தியோகத்தரோ இருக்கிறாரா என்று பதிவு செய்யும் இடத்திலேயே கேளுங்கள். தமிழ் 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தம் முதல் இந்நாட்டின் அரசகரும மொழி, நீங்கள் சலுகை கேட்கவில்லை. பள்ளிக்கூடம் போகும் பேரனை மொழிபெயர்க்க வைக்க வேண்டாம். சாக நினைத்ததை எந்தப் பாட்டியும் பேரன் வாயால் சொல்லவிடமாட்டார்.

மருந்து தொடங்கினால் பலன் தெரிய நான்கு முதல் எட்டு வாரங்கள் செல்லலாம்; முதல் வாரத்தில் குமட்டல் வந்தது என்று நிறுத்திவிடாமல் வைத்தியரிடம் சொல்லுங்கள். தேறிய பின்னரும் பல மாதங்களுக்கு மருந்து தொடர வேண்டியிருக்கும். முதியவர்களில் சிலருக்கு இந்த மருந்துகள் இரத்தத்தில் சோடியத்தைக் குறைப்பதுண்டு. மருந்து தொடங்கிய பின்னர் புதிதாகத் தள்ளாட்டமோ தடுமாற்றமோ கண்டால் அடுத்த கிளினிக் நாள் வரை காத்திருக்க வேண்டாம்.

இனி, கடிதத்தின் கடைசியில் போகிறபோக்கில் நீங்கள் எழுதியிருக்கும் ஒரு வரி: வீட்டில் நடந்த பூப்புனித நீராட்டு விழாவன்று மாமி “தானாகவே” அறைக்குள் இருந்துகொண்டாராம். தானாக ஒதுங்கினாரா, கைம்பெண் முன்னால் வரக்கூடாது என்பது தெரிந்து, ஒருவரும் அழைக்காததால் ஒதுங்கினாரா? இந்தக் கொழும்பில், படித்த குடும்பங்களில் இன்னும் இது நடக்கிறது என்பது எனக்கு விளங்காத விடயம். கணவரை இழந்தவரிடமிருந்து பூவையும் பொட்டையும் மட்டுமா எடுத்தோம்? ஓய்வெடுக்கட்டும் என்று அடுப்படியையும் எடுத்துவிட்டோம். வைத்தியத்தோடு கூடவே அவருக்கு வேலையைத் திருப்பிக் கொடுங்கள். முழுச் சமையல் வேண்டாம்; காலைத் தேநீர் மட்டும், அதுவும் முதல் வாரம் நீங்களும் பக்கத்தில் நின்று. அடுத்த நல்ல காரியத்துக்கு மாமியின் கையைப் பிடித்து அழைத்துவந்து முன்வரிசையில் அமர்த்துவது உங்கள் கணவரின் பொறுப்பு, உங்களுடையதல்ல.

கேள்வி: உம்மாவுக்கு 78 வயது. போன வெள்ளிக்கிழமை வரை நன்றாக இருந்தார். மூன்று நாட்களாக இரவில் எழுந்து, மௌத்தான வாப்பாவைக் கூப்பிடுகிறார், துணியைப் பிய்க்கிறார், என்னை யாரென்று கேட்கிறார். பகலில் தூங்கி விழுகிறார். தடிமனுக்குக் குளிசை எடுத்தார், வேறொன்றுமில்லை. ஓதிப் பார்ப்போம் என்கிறார் மாமா.
– தெமட்டகொடை வாசகர்

பதில்: இக்கடிதம் கிடைத்த அன்றே, உடனடியாக வைத்தியசாலைக்குக் கொண்டுபோகும்படி தொலைபேசியில் சொல்லிவிட்டோம். மற்றவர்களும் தெரிந்துகொள்வதற்காகவே பிரசுரிக்கிறேன். மூன்று நாட்களில் வந்த தடுமாற்றம் மறதி நோயல்ல, உளநோயென்றும் எண்ணிவிடக் கூடாது. உடம்பில் எங்கோ ஏற்பட்ட கோளாறு மூளையைக் குழப்புகிறது. சிறுநீர்த் தொற்று, நிமோனியா, நீரிழப்பு, சீனி அல்லது உப்புச்சத்துக் குறைவு, சிறுநீர் அடைப்பு, விழுந்து தலையில் பட்ட அடி என்று காரணங்கள் பல. முதியவர்களுக்குத் தொற்று இருந்தும் காய்ச்சல் அடிக்காமல் போகலாம். தடிமனுக்கு நாம் சாதாரணமாக வாங்கும் பிரிட்டன் (Piriton) குளிசையே இந்த வயதில் இத்தகைய குழப்பத்தை உண்டாக்கப் போதும். 1990 சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். மாமா கட்டிலின் பக்கத்தில் அமர்ந்து ஓதட்டும், அது உம்மாவுக்கு ஆறுதல். வாட்டில் அமர்ந்தும் ஓதலாம். மூக்குக்கண்ணாடியையும் காதுக்கருவியையும் மறக்காமல் கொண்டுபோங்கள். அவை இல்லாவிட்டால் குழப்பம் கூடும்.

கேள்வி: வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடியின் நிர்வாகக் குழுச் செயலாளராக இருக்கிறேன். மூன்றாம் மாடியில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் தனியே வசிக்கிறார். வயது 81, பிள்ளைகள் கனடாவில். சங்கிலியைத் திருடிவிட்டார்கள் என்று வீட்டு வேலைக்கு வந்த பெண்களை ஒருவர் பின் ஒருவராக நிறுத்திவிட்டார். மாலையில் சிறு பிள்ளைகள் பலர் வந்து சோபாவில் அமர்ந்திருக்கிறார்கள், ஒன்றும் பேசுகிறார்கள் இல்லை என்று காவலாளியை அழைக்கிறார். அடுப்பில் பால் கருகிப் புகை வந்ததும் உண்டு. பிள்ளைகளோ வீடியோவில் அம்மா நன்றாகத்தான் பேசுகிறார் என்கிறார்கள். குழுவினர் ஐந்து பேரும் நேரில் சென்று, முதியோர் இல்லம் ஒன்றுக்குப் போகும்படி சொல்வதாக முடிவெடுத்துள்ளோம். சரிதானா?
– வெள்ளவத்தை வாசகர்

பதில்: சரியில்லை. முதலில், ஐந்து பேர் சேர்ந்து கதவைத் தட்ட வேண்டாம். 81 வயதென்றால், 1983 ஜூலையில் அவருக்கு நாற்பதை அண்டிய வயது. அப்போது அவர் எங்கிருந்தார், எதைக் கண்டார் என்பது உங்களுக்குத் தெரியாது. வாசலில் கூடி நிற்கும் ஆண்களின் சத்தம் அந்தத் தலைமுறைத் தமிழர் பலருக்கு வெறும் சத்தமல்ல. அவருக்கு ஏற்கெனவே பழக்கமான ஒருவர், முடிந்தால் ஒரு பெண், பகல் வேளையில் தனியே போகட்டும். முதல் தடவை முறைப்பாடு எதுவும் பேசாமல் தேநீர் குடித்துவிட்டு வரட்டும்.

அடுத்தது, நீங்கள் எழுதியிருக்கும் மூன்று சம்பவங்களையும் ஒரே மூட்டையாகக் கட்டி மூளை குழம்பிவிட்டது என்று பெயர் வைக்காதீர்கள். பேசாத பிள்ளைகளைப் பற்றி நான் முதலில் கேட்பது அவருடைய கண்களைத்தான். பார்வை பெரிதும் குறைந்த முதியவர்களுக்கு, அறிவு முற்றிலும் தெளிவாக இருக்கும்போதே, ஆட்களும் பிள்ளைகளும் கோலங்களும் கண்முன் தோன்றுவதுண்டு. பெரும்பாலும் அவை சத்தமின்றி வந்து போகும். ஜெனீவாவைச் சேர்ந்த சார்ள்ஸ் பொனே என்ற இயற்கை ஆய்வாளர், கண்புரையால் பார்வை மங்கிய தம் பாட்டனார் கண்ட இத்தகைய தோற்றங்களை 1760இல் எழுதிவைத்தார். அவர் பெயரிலேயே இந்நிலை இன்றும் வழங்குகிறது. தமக்குப் பைத்தியம் பிடிக்கிறதோ என்ற பயத்தில் இதை வெளியே சொல்லாதவர்கள் பலர். ஆசிரியை உங்கள் காவலாளியை நம்பிச் சொல்லியிருக்கிறார். அவரை ஏளனம் செய்யாமல் இருக்கக் காவலாளிக்குச் சொல்லிவையுங்கள். தேசிய கண் வைத்தியசாலை கொழும்பிலேயே இருக்கிறது. மாலையில் விளக்குகளைச் சற்று முன்னதாகப் போட்டாலே சிலருக்குத் தோற்றங்கள் குறைந்துவிடும். ஆனால் உடல் இறுக்கம், அடிக்கடி விழுதல், ஒரு நாள் தெளிவு மறுநாள் குழப்பம் என்ற மாற்றம் ஆகியவையும் சேர்ந்திருந்தால் அது வேறு நோய். அந்த நோயில் சில உளமருந்துகள் கடுந்தீங்கு விளைவிக்கும் என்பதால், இவற்றையெல்லாம் வைத்தியரிடம் ஒன்றுவிடாமல் சொல்ல வேண்டும்.

சங்கிலி விவகாரமும் கருகிய பாலும் நினைவாற்றலைச் சோதிக்க வேண்டும் என்பதைக் காட்டுகின்றன. வைத்த இடம் மறந்துபோனவருக்கு, பொருளைக் காணவில்லை என்றால் யாரோ எடுத்திருக்கிறார்கள் என்பதே பொருந்திவரும் விளக்கம். எடுக்கவில்லை என்று வாதாடி எவரும் வென்றதில்லை. “வாருங்கள் டீச்சர், சேர்ந்து தேடுவோம்” என்று தேடி, கண்டெடுத்ததும் அதைச் சுட்டிக்காட்டாமல் விடுவதே நல்லது. ஆனாலும் மெய்யாகவே திருட்டுப் போயிருக்கலாம் என்ற வாய்ப்பையும் தள்ளிவிடக் கூடாது. முதியவர் என்பதாலேயே அவர் முறைப்பாடு பொய்யாகிவிடாது.

வீடியோ அழைப்பு பற்றி: பத்து நிமிடம் நன்றாகப் பேசுவது, நாற்பது ஆண்டுகள் வகுப்பெடுத்தவருக்குக் கடினமல்ல. பிள்ளைகளிடம் குற்றப்பத்திரிகை வாசிக்காமல், என்ன நடந்தது, எந்த நாள், எத்தனை மணி என்று மட்டும் எழுதி அனுப்புங்கள். அனுப்பப் போவதை ஆசிரியையிடம் சொல்லிவிட்டு அனுப்புங்கள். செலவை அவர்கள் ஏற்றால், சிலிண்டர் அடுப்புக்குப் பதிலாகத் தானாக நின்றுவிடும் மின்கேத்தலும், மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுச் சமையல் பார்சலும் ஏற்பாடு செய்யலாம். வெள்ளவத்தையில் அதற்குப் பஞ்சமில்லை. மாற்றுத் திறப்பு ஒன்று யாரிடம் இருக்க வேண்டும் என்பதை அவரே சொல்லட்டும். மறதி நோய் என்று உறுதியானால், மருதானையில் உள்ள லங்கா அல்சைமர்ஸ் பவுண்டேஷனிடம் குடும்பத்தார் ஆலோசனை பெறலாம்.

முதியோர் இல்லம் பற்றிய முடிவு குழுவுடையதல்ல. உங்கள் அதிகாரம் படிக்கட்டும் லிப்டும் போன்ற பொதுவிடங்களோடு நின்றுவிடுகிறது. 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் அறுபது வயதைக் கடந்தவர்களின் உரிமைகளுக்காகவே இயற்றப்பட்டது. பிரதேச செயலகத்தில் முதியோர் விடயத்துக்குப் பொறுப்பான உத்தியோகத்தரிடம் பேசுங்கள். அகற்றும் நோக்கத்தோடு அல்லாமல், உதவி கேட்டுப் போங்கள்.

கேள்வி: அச்சகத்தில் எழுத்துக் கோர்ப்பவனாக இருந்து ஓய்வுபெற்றேன். வயது 72. 1986 முதல், மனநிலையைச் சீராக வைக்கும் லித்தியம் குளிசை எடுத்து வருகிறேன். அதனால்தான் வேலையையும் குடும்பத்தையும் காப்பாற்றிக்கொண்டேன். குளிசைகளைத் தகரப்பேணியில் வைத்து நேரத்துக்குத் தந்த மனைவி போன ஆண்டு தவறிவிட்டார். இப்போது மகள் வீட்டில் இருக்கிறேன். கிரிக்கெட் பார்த்துக் கொஞ்சம் சத்தம் போட்டாலும் “அப்பா, குளிசை போட்டீங்களா?” என்கிறார்கள். முழங்கால் வலிக்குப் பாமசியில் குளிசை வாங்குகிறேன். கைநடுக்கம் கொஞ்சம் கூடியிருக்கிறது. இவ்வளவு காலத்தின் பின்னர் மருந்தை விட்டுப் பார்க்கலாமா?
– மட்டக்குளி வாசகர்

பதில்: ஐயா, மருந்தை நீங்களாக விடவேண்டாம். லித்தியத்தைத் திடீரென்று நிறுத்துவோருக்கு நோய் வேகமாகத் திரும்புவதுண்டு. ஆனால் உங்கள் கடிதத்தில் என்னைக் கலங்கவைத்தது நடுக்கமும் பாமசிக் குளிசையும் ஒன்றாக வந்திருப்பதுதான். டைக்குளோபெனக், இபுபுரோபன் போன்ற வலிக்குளிசைகள் சிறுநீரகம் லித்தியத்தை வெளியேற்றுவதைக் குறைத்து, இரத்தத்தில் அதன் அளவை ஏற்றிவிடும். வயது போகப்போகச் சிறுநீரகமும் மெதுவாகிறது என்பதால், நாற்பதில் ஒத்துக்கொண்ட அதே அளவு எழுபதில் நஞ்சாகலாம். அந்தக் குளிசையை இன்றே நிறுத்தி, அடுத்த கிளினிக் திகதிக்குக் காத்திராமல் நாளையே இரத்தம் சோதிக்கப் போங்கள். நடுக்கம் பெரிதாதல், நடை தள்ளாடுதல், நாக்குக் குழறுதல், வாந்தி, வயிற்றோட்டம், தலைமயக்கம் இவற்றில் எது சேர்ந்தாலும் நேரே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும். வலிக்குப் பனடோலை உரிய அளவில் எடுக்கலாம்.

இரத்த அழுத்தத்துக்குத் தரப்படும் நீர்க்குளிசைகளும், எனலாபிரில், லொசாட்டன் வகையினவும் இதே சிக்கலைத் தரும். ஆகையால் எந்த வைத்தியரிடம் போனாலும் லித்தியம் எடுப்பதை முதலில் சொல்லுங்கள். பிரஷருக்கென்று திடீரென உப்பை அடியோடு தள்ளுவதும், கந்தசஷ்டிக்குத் தண்ணீர்கூட இல்லாமல் விரதமிருப்பதும் உங்களுக்கு ஆகாது. விரதம் முக்கியமென்றால் எப்படிப் பிடிப்பது என்று வைத்தியரிடம் முன்கூட்டியே கேளுங்கள்.

கிரிக்கெட் விடயத்தில் நான் உங்கள் பக்கம். நாற்பது ஆண்டுகளாக நோயைச் சமாளித்தவருக்கு, தமக்கு நோய் திரும்பும்போது முதலில் என்ன நடக்கும் என்பது நன்றாகத் தெரியும்: உறக்கம் குறைவதா, கண்டபடி செலவழிப்பதா, நள்ளிரவில் ஆட்களுக்குத் தொலைபேசி எடுப்பதா என்று. அவற்றை ஒரு தாளில் எழுதுங்கள். இவற்றில் எதைக் கண்டால் மகள் சொல்லலாம், எந்த வைத்தியரிடம் கூட்டிப்போகலாம், எவருக்கு அறிவிக்கக்கூடாது என்பதையும் நீங்களே எழுதி, இருவரும் பேசி ஒப்புக்கொள்ளுங்கள். அந்தத் தாளில் இல்லாத எதற்கும், சத்தமாகச் சிரிப்பதற்கும் கோபப்படுவதற்கும், குளிசையைப் பற்றிக் கேட்பதில்லை என்று மகளும் வாக்குக் கொடுக்கட்டும். தகரப்பேணிக்குப் பதிலாக வாரத்தின் ஏழு நாட்களுக்கும் அறை பிரித்த சிறு பெட்டியொன்று பாமசியில் கிடைக்கும். அதை நிரப்புவது நீங்களாகவே இருக்கட்டும்.

இரத்தம் கொடுக்கப் போகும்போது ஒன்றைக் கவனியுங்கள். கடைசியாகக் குளிசை எடுத்துப் பன்னிரண்டு மணி நேரத்தின் பின்னர் எடுக்கும் இரத்தத்தில்தான் லித்தியத்தின் அளவு சரியாகத் தெரியும். இரவு எட்டுக்குக் குளிசை எடுத்திருந்தால் காலை எட்டளவில் போங்கள். காலைக் குளிசை இருந்தால் இரத்தம் கொடுத்த பின்னரே அதை எடுக்க வேண்டும். சிறுநீரகம், தைரொயிட், கல்சியம் ஆகியவற்றையும் அன்றே பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். உங்கள் வயதில் இந்தச் சோதனைகளை எவ்வளவு காலத்துக்கு ஒருமுறை செய்ய வேண்டும் என்று வைத்தியரிடம் கேட்டு, திகதியைக் கிளினிக் கொப்பியின் முதற்பக்கத்தில் எழுதிவையுங்கள்.